தேசிக்காய் மீதான விசாரணை

அன்று அந்த அறையில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். "நான் அங்கே இருக்கவே இல்லையே" என்று பிற்காலத்தில் சொன்னவர்கள் இரண்டு மூன்று பேர் உண்டு. நூதனசாலை என்கிற மியூசியத்தின் நிர்வாகி அம்மையார், தலைமை தாங்க. கண்காட்சியை அமைத்த, பெயருக்கு முன் டொக்டர் பட்டம் உள்ள கலாநிதி, கவலைப்பட. அவருடைய உதவியாளரான இளம்பெண், சாட்சி சொல்ல. துப்புரவுக் கொம்பனியின் மேற்பார்வையாளர், கைக்கடிகாரத்தைப் பார்க்க. தொழிற்சங்கத்து மனிதர், உதவி செய்ய. அந்த உதவியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். குற்றம் சாட்டப்பட்ட நாகேஸ்வரி அக்கா. மொழிபெயர்க்க, சம்பளமில்லாமல், நான். மேசை நடுவில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் இரண்டாக வெட்டிக் குங்குமம் தடவிய ஒரு தேசிக்காய், எலுமிச்சம்பழம்தான். ஒரு தேசிக்காயைச் சுற்றி இத்தனை படித்தவர்கள் இத்தனை அமைதியாக உட்கார்ந்திருந்ததை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

லண்டன் நூதனசாலைகளில் காவலர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஏதாவது பயனுள்ளதாக எழுதித் தரச் சொன்னார்கள். பயிற்சி வகுப்பில் தீயணைப்புக் கருவியை எப்படிப் பிடிப்பது என்று உங்களுக்குக் காட்டியிருப்பார்கள். நான் வேலை செய்த காலம் முழுவதும் நெருப்பு ஒருமுறைகூட வரவில்லை. கூட்டங்கள்தான் வந்தன. அதற்கு எந்தக் கருவியைப் பிடிப்பது என்று ஒருவரும் காட்டித் தருவதில்லை. ஆகவே கூட்டத்தைப் பற்றி எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கிழக்கு லண்டனில் ஒரு சின்ன நூதனசாலை. பெயர் வேண்டாம், இப்போது அதற்கு வேறு பெயர். நான் ஊரில் எட்டாம் வகுப்போடு நிறுத்தியவன். இங்கே வந்து பெற்றோல் ஸ்டேஷனில் நின்று, பிறகு இந்த வேலைக்கு வந்தேன். ஒரே அறையில் நாள் முழுக்க நிற்பவனுக்கு இரண்டு பொழுதுபோக்குகள்தான் உண்டு. ஒன்று கவலைப்படுவது. யாராவது எதையாவது தொட்டுவிடுவார்களோ, தொடாவிட்டாலும் தொட்டதாக என் பெயரில் ரிப்போர்ட் எழுதிவிடுவார்களோ என்று. மற்றது சுவரில் எழுதியிருப்பதை வாசிப்பது. பள்ளிக்கூடத்தில் படிக்காததையெல்லாம் அந்தச் சுவர்களில்தான் படித்தேன். ஒரு பலகையை மூன்று மாதம் தொடர்ந்து வாசித்தால் யாருக்கும் மனப்பாடமாகிவிடும். கெட்டிக்காரத்தனம் ஒன்றும் தேவையில்லை.

அந்த வருடம் வந்த கண்காட்சி, அமெரிக்கா ஆங்கிலேயரின் குடியேற்றமாக இருந்த காலத்தில் சூனியக்காரிகள் என்று விசாரிக்கப்பட்டவர்களைப் பற்றியது. சேலம் என்ற ஊரிலும் அதைச் சுற்றியும் பெரும்பாலும் பெண்களையும் சில ஆண்களையும் பிடித்து, தூக்கிலும் போட்டார்கள். சுவரொட்டியில் ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டுத் தமிழ்நாட்டு டொக்டர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை இல்ஃபோர்டிலிருந்து குடும்பத்தோடு வந்தார்.

"நம்ம ஊர் சேலம்னு நெனச்சேங்க. எங்க மாமனார் வீடு அங்கதான்" என்றார்.

"இது வேற சேலம். இங்க தூக்குமரம்தான் இருக்கு" என்றேன்.

"அப்ப மாமனார் வீடு மாதிரிதான்" என்றவர், மனைவி திரும்புவதற்குள் அடுத்த அறைக்குள் போய்விட்டார்.

கலாநிதி எழுதிய பலகைகள் நல்ல பலகைகள். அதை நான் மறுக்க மாட்டேன். பசு பால் தரவில்லை, வெண்ணெய் திரளவில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல், உடனே பக்கத்து வீட்டுக் கிழவியைப் பிடித்தார்கள் என்று எழுதியிருந்தார். அவளுடைய உருவம் வந்து என்னைக் கிள்ளுகிறது என்று ஒரு பெண் சொன்னால் அது சாட்சியாகியது. குற்றத்தை ஒப்புக்கொண்டவர்களைத் தூக்கில் போடவில்லை. நான் செய்யவில்லை என்று உண்மையைச் சொன்னவர்களைத்தான் போட்டார்கள். இந்தப் பலகை எனக்கு நேர் எதிரே இருந்தது. என்னைப் போல் பயந்தவனுக்கு அது சரித்திரம் மாதிரி இருக்கவில்லை. ஆலோசனை மாதிரி இருந்தது.

திறப்பு விழாவில் கலாநிதி இறந்தவர்களின் பெயர்களை வாசிக்கும்போது குரல் தழுதழுத்தது. சாட்சியில்லாமல் ஒருவரைக் குற்றவாளியாக்குவது மனித குலத்தின் பழைய நோய் என்றார். எல்லோரும் வைன் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார்கள்.

அறை நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதில் சில மூலப் பத்திரங்கள், நடுவே ஊசி குத்திய துணிப் பொம்மை. அந்தக் காலத்தில் ஒரு வீட்டுச் சுவருக்குள் அப்படிப் பொம்மைகள் அகப்பட்டதைச் சாட்சியாகக் காட்டியிருக்கிறார்கள். அசல் கிடைக்காததால் உதவியாளர் பெண் தன் பழைய காலுறையில் பஞ்சை அடைத்து, வீட்டில் டீவி பார்த்தபடி ஊசி குத்தி எடுத்துவந்தாள். இதை நினைவில் வைத்திருங்கள். அந்தக் கட்டடத்தில் ஊசி குத்திய பொம்மை செய்த ஒரே ஆள் அவள்தான். அவளை ஒருவரும் விசாரிக்கவில்லை.

நாகேஸ்வரி அக்கா அந்தக் கூடத்தைக் காலையில் துடைப்பவர். வேலையை எடுத்துக் கொடுத்தது நான். அவருடைய கணவர் ஊரில். மகன் கொழும்பில் ஒரு லொட்ஜில், ஏஜென்சிக்காரன் எப்போது லண்டனுக்கு அனுப்புவான் என்று காத்திருந்தான். மாதாமாதம் கட்டவேண்டிய தவணை பிந்தினால் பிள்ளையின் முறை பின்னுக்குப் போய்விடும்; லொட்ஜில் தமிழ் இளைஞர்களைப் பிடிக்கும் பொலிஸ் சோதனைக்கு முதல் எப்படியாவது இங்கே எடுப்பித்துவிட வேண்டும் என்பதே அக்காவின் ஒரே யோசனை. அந்தத் தவணை இந்தத் துடைப்பத்திலிருந்துதான் வந்தது. ஆகவே வேலை என்று நான் எழுதும் இடமெல்லாம் நீங்கள் மகன் என்று வாசித்துக்கொள்ளலாம்.

கண்காட்சி தொடங்கிய வாரம் அக்கா என்னிடம் கேட்டார்.

"தம்பி, அந்த அறைச் சுவரிலை ஆற்றை பேரடா இவ்வளவும் எழுதி வைச்சிருக்கிறாங்கள்?"

"விசாரணையிலை செத்த ஆக்கள் அக்கா. சூனியக்காரியள் எண்டு சொல்லித் தூக்கிலை போட்டது."

"உண்மையாச் செய்தவையோ?"

"இல்லை. ஒண்டும் செய்யாத சனம். அயலட்டை கோள் சொல்லி மாட்டினது."

அக்கா துடைப்பதை நிறுத்தினார். "செய்தவை எண்டாலும் பரவாயில்லை."

"ஏன் அக்கா?"

"செய்தவை எண்டா, செய்ததுக்கு அனுபவிச்சம் எண்டு போயிருப்பினம். செய்யாமச் செத்தது போகாது. அதுக்குள்ளை நான் காலமை ஆறு மணிக்குத் தனிய நிக்கிறன்."

அடுத்த வெள்ளிக்கிழமை அப்டன் பார்க் கடைத்தெருவில் வாங்கிய தேசிக்காய் ஒன்றை வெட்டி, குங்குமம் தடவி, கண்ணாடிப் பெட்டியின் பீடத்துக்குப் பின்னால் இரண்டு மூலையிலும் வைத்துவிட்டார். வாசற்படியில் வைக்கும் அதே முறை. கிழமைக்கு ஒன்று, பழையதை வாராவாரம் தானே எடுத்து எறிந்துவிடுவதாகவும் சொன்னார்.

"வேண்டாம் அக்கா, இவங்கள் கண்டா வில்லங்கம்" என்றேன். நான் எதற்கும் வேண்டாம் என்று சொல்பவன் என்பதால் என் சொல்லுக்கு அவ்வளவு மதிப்பில்லை.

"இவங்களுக்குத் தேசிக்காய் எண்டா மீனுக்குப் பிழியிறது மட்டும்தான் தெரியும். நீ பயப்பிடாத" என்றார்.

கண்டார்கள். பெட்டிக்குள் இருந்த மின்குமிழ் எரிந்துபோனது. அதை மாற்றப் பீடத்தை நகர்த்தியபோது தேசிக்காய் வெளிப்பட்டது. இந்த ஒழுங்கைக் கவனியுங்கள்: விளக்கு எரியாததால்தான் தேசிக்காய் அகப்பட்டது. தேசிக்காயால்தான் விளக்கு எரியவில்லை என்று பின்னேரத்துக்குள் முடிவாகிவிட்டது. அதன்பிறகு எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்தது. போட்டோகொப்பி மெஷின் ஏன் தாளைத் தின்றது, உதவியாளர் பெண்ணின் கையில் ஏன் தடிப்பு வந்தது, கலாநிதியின் கார்ச் சக்கரத்துக்கு ஏன் கிளாம்ப் போட்டுப் பூட்டினார்கள். மஞ்சள் கோட்டில் நிறுத்தினால் கிளாம்ப் போடுவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். அது படிக்காதவர்களின் எண்ணம் போலிருக்கிறது. பலகைகளில் இருந்த பசுவும் வெண்ணெயும் அப்படியே இருந்தன. பசு மட்டும் போட்டோகொப்பி மெஷினாகியிருந்தது.

குங்குமத்தை முதலில் இரத்தம் என்றார்கள். பிறகு அந்தக் கட்டடத்தில் நெற்றியில் அதே நிறத்தில் பொட்டு வைத்த ஊழியர் ஒருவரே இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். விசாரணையின் மிகக் கடினமான பகுதி அதோடு முடிந்தது.

சூனியம் என்று குற்றச்சாட்டுக் கடிதத்தில் எழுத முடியாது. சுவர் முழுக்க அதற்கு எதிராக எழுதிவைத்திருக்கிறார்களே. அதனால் "காட்சிப் பொருட்களுக்கு அண்மையில் பூச்சிகளை ஈர்க்கக்கூடிய பொருளை வைத்தமை" என்று எழுதினார்கள். விசாரணை முடியும்வரை அக்கா வீட்டில் இருக்கட்டும் என்றார்கள். நிர்வாகி அம்மையார் விடுமுறையில் போர்த்துக்கல் போயிருந்தார். அவர் வெயில் காய்ந்து முடிக்க மூன்று கிழமை எடுத்தது. அந்த மூன்று கிழமையும் அக்கா எனக்குப் போன் எடுத்து ஒரே கேள்வியைக் கேட்டார்: "தம்பி, வேலை இருக்குமோ? ஏஜென்சிக்காரன் வெள்ளிக்கிழமைக்கு முதல் கேக்கிறான்."

இப்படித்தான் நாங்கள் எல்லோரும் அந்த அறைக்கு வந்தோம்.

"இது விசாரணை அல்ல. ஒரு உரையாடல்" என்று அம்மையார் தொடங்கினார். உங்கள் எதிரில் யாராவது இப்படித் தொடங்கினால் கதவு எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

உதவியாளர் பெண் பேசினாள். "நான் மூடநம்பிக்கை உள்ளவள் இல்லை" என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள், அங்கே ஒருவரும் மூடநம்பிக்கை உள்ளவர் இல்லை. "ஆனால் சில கிழமைகளாக அந்தக் கூடத்துக்குள் போனால் யாரோ என்னையே பார்த்துக்கொண்டிருப்பது போல இருக்கிறது."

நான் கையை உயர்த்தவேண்டியதாயிற்று. "மன்னிக்க வேண்டும். அது நான். அதுதான் என் வேலை."

அம்மையார் அதைக் குறித்துக்கொண்டார்.

அடுத்ததாகத் தொழிற்சங்கத்து மனிதர் எழுந்தார். மிக நல்லவர், தொண்டை நிறையக் குரல் உள்ளவர். அக்காவை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். கூட்டத்துக்குச் சற்று முன் நடைபாதையில் என்னிடம், "உங்கள் ஆட்கள் எலுமிச்சையை எதற்குப் பயன்படுத்துவீர்கள்?" என்று கேட்டிருந்தார். "பல விஷயத்துக்கு" என்று சொன்னேன். மீதியை அவரே யோசித்து முடித்திருக்கிறார்.

"இது ஒரு எளிய விஷயம்" என்றார். "இந்தப் பெண்ணின் நாட்டில் எலுமிச்சையால்தான் கண்ணாடி துடைப்பார்கள். அவர் தன் கடமையைத் தன் முறையில் செய்திருக்கிறார். இதில் என்ன மர்மம்?"

தலையை நிமிர்த்தி உட்கார்ந்தார். வென்றுவிட்ட முகம்.

கலாநிதியின் முகம் வெளுத்தது. "அமிலமா?" என்றார். "அந்தப் பெட்டிக்குள் மூலப் பத்திரங்கள் இருக்கின்றன. அவற்றின் அருகில் அமிலமா?"

மேற்பார்வையாளர் முதல் முறையாகக் கைக்கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார். "கொம்பனி கொடுக்காத துப்புரவுப் பொருளைப் பாவித்தால் உடனே வேலையிலிருந்து நீக்கலாம். ஒப்பந்தத்திலேயே இருக்கிறது" என்றார். அவருக்கு அன்று வேறு வேலை இருந்தது போலிருக்கிறது. விஷயம் சீக்கிரம் முடிவதில் அவருக்கு மனநிறைவு.

எதிரிகள் மூன்று கிழமையாகச் செய்ய முடியாததை நண்பர் ஒரே வசனத்தில் செய்துவிட்டார்.

அம்மையார் என் பக்கம் திரும்பினார். "அப்படித்தானா என்று அவரிடம் கேளுங்கள். ஆம், இல்லை என்றால் போதும்."

அக்கா ஏற்கெனவே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னவாம் அந்த நல்ல மனுசன்?"

"நீங்கள் தேசிக்காயாலை கண்ணாடி துடைச்சனீங்கள் எண்டு சொல்லுறார்."

"ஆர், நானோ? குங்குமம் தடவியோ துடைச்சனான்?" என்றார் அக்கா. "விசரே அந்தாளுக்கு?"

"என்ன சொல்கிறார்?" என்று அம்மையார் கேட்டார்.

தம்பிமார், தங்கச்சிமார், உங்கள் வேலையில் இந்த இடம் ஒருநாள் வரும். இரண்டு பக்கத்துக்கும் விளங்காததை நீங்கள் ஒருவர் மட்டும் விளங்கிக்கொண்டு நடுவில் நிற்பீர்கள். எல்லோரும் உங்கள் வாயைப் பார்ப்பார்கள். அப்போது வாயில் வருகிற முதல் வசனம் அநேகமாகப் பொய்யாகத்தான் இருக்கும், அதுவும் நல்ல எண்ணமுள்ள பொய். எனக்கும் மூன்று வந்தன. "அவருக்கு ஒன்றும் தெரியாதாம்" என்று சொல்லலாம். வைத்ததைக் கண்டவன் நான் ஒருவன்தான். "அது அவருடைய மதியச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்தது" என்று சொல்லலாம். "அவர் மன்னிப்புக் கேட்கிறார்" என்று சொல்லலாம்; இந்த நாட்டில் அது எந்தக் கேள்விக்கும் பொருந்தும். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எதைச் சொன்னாலும் அது என்னுடைய வசனம், வேலை அக்காவுடையது. உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்பதற்கும் எனக்குத் தெரிந்த ஒரே உதாரணம் கீழ்மாடியில் சுவரில் எழுதியிருந்தது. அது நம்பிக்கை தருவதாக இல்லை.

ஆகவே என்னால் முடிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். முடிவை உரியவரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

"அக்கா, ஓம் எண்டா இப்பவே வேலை போயிடும். அவர் சொன்னதாலை வந்த வினை. நான் வைக்கேல்லை எண்டும் சொல்லலாம், கண்டது நான் மட்டும்தான். உண்மையைச் சொன்னா என்ன நடக்கும் எண்டு எனக்குச் சத்தியமாத் தெரியாது. நீங்கள் எதைச் சொல்லுறியளோ அதை மட்டும்தான் நான் சொல்லுவன்."

அக்கா பொலித்தீன் பையைப் பார்த்தார். மூன்று கிழமையில் தேசிக்காய் சுருங்கிப் பழுப்பாகியிருந்தது.

"என்ரை தேசிக்காய் முன்னாலை கிடக்க நான் வைக்கேல்லை எண்டு சொல்லவோ? பிறகு அந்தப் பெண்டுகள் என்ன நினைப்பினம்?"

"எந்தப் பெண்டுகள் அக்கா?"

"கீழை சுவரிலை இருக்கிற பெண்டுகள். இவையள் வேலையைத்தான் பறிக்கலாம். அவையோடை கோவிச்சுக்கொண்டு நான் என்னெண்டு அதுக்குள்ளை திரும்பத் துடைக்கிறது?"

அந்த அறையில் அக்கா பயந்தது உண்மைதான். அங்கே உட்கார்ந்திருந்த யாருக்கும் அல்ல, அவ்வளவுதான்.

"சொல்லு தம்பி" என்றார். "நான்தான் வைச்சனான். ஒருத்தருக்கும் கேடு செய்ய வைக்கேல்லை. பயத்திலை வைச்சனான். குற்றமில்லாமத் தூக்கிலை போட்ட சனம் ஒரு அறைக்குள்ளை இருந்தா ஆருக்கும் பயம் வரத்தானே வேணும்? அவையும் அமைதியாக் கிடக்கட்டும், நானும் அமைதியாத் துடைப்பம் எண்டுதான். எங்கடை வீட்டிலையும் வைக்கிறதுதான். இன்னொண்டையும் அந்த டொக்டரிட்டைக் கேள். இவ்வளவு பேரின்ரை பேரையும் சுவரிலை எழுதி விளக்குப் போட்டுச் சனத்துக்குக் காட்டுறார். ஒருநாளாவது அவைக்கு ஒரு பூ வைச்சவரோ?"

கடைசிக் கேள்வியை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். "எதைச் சொல்லுறியளோ அதை" என்று அப்போதுதான் வாக்குக் கொடுத்திருந்தேன். வசனம் வசனமாகச் சொன்னேன். 'அந்த டொக்டர்' என்பதை மட்டும் 'மதிப்புக்குரிய கலாநிதி' ஆக்கினேன், மரியாதைக்காக.

தொழிற்சங்கத்து மனிதர் தன் கைகளைப் பார்த்தார். உதவியாளர் பெண் தன் கைத் தடிப்பைச் சட்டைக்கையால் மூடிக்கொண்டாள். கலாநிதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண் கலங்கியிருந்தது. ஒரு மனிதனின் மனத்தைத் தொட்டுவிட்டோம் என்று நான்கூட ஒரு கணம் ஏமாந்தேன்.

"அற்புதம்" என்றார். "இதை அவர் எழுதித் தருவாரா? இந்தத் தேசிக்காயை நாங்கள் வைத்துக்கொள்ளலாமா?"

அரை மணித்தியாலத்துக்கு முன் பூச்சியை ஈர்க்கும் பொருளாக இருந்தது. கால் மணித்தியாலத்துக்கு முன் அமிலமாக இருந்தது. இப்போது காட்சிப் பொருளாகிவிட்டது. ஒரு தேசிக்காய் ஒரே கூட்டத்தில் இவ்வளவு தூரம் முன்னேறலாம். துடைக்கிறவருக்கு அந்த வசதி இல்லை.

அம்மையார் கோப்பை மூடினார். இது ஒரு கலாசார வேறுபாடு, விசாரிக்க ஒன்றுமில்லை, அக்கா திங்கட்கிழமை வேலைக்கு வரலாம் என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்கு இது முன்பே தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அன்று குற்றவாளியாகத் தீர்ப்பான ஒரே ஆள் நான்தான்.

வெளியே பஸ் தரிப்பிடத்தில் அக்கா கேட்டார். "அப்ப வேலை இருக்குது?"

"ஓம் அக்கா."

"மூண்டு கிழமைச் சம்பளம்?"

அதை நான் கேட்க மறந்திருந்தேன். எல்லாவற்றுக்கும் கவலைப்படுகிறவன், கவலைப்படவேண்டிய ஒன்றை விட்டுவிட்டேன்.

மறுநாள் மேற்பார்வையாளரிடம் கேட்டேன். "வேலை செய்யாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. அவரை வீட்டுக்கு அனுப்பியது நூதனசாலை, அங்கே கேளுங்கள்" என்றார். அம்மையாரிடம் கேட்டேன். "அவர் எங்கள் ஊழியர் அல்லவே. கொம்பனியைக் கேளுங்கள்" என்றார், மிகுந்த அனுதாபத்தோடு. சம்பள நாளில் பார்த்தால், அக்கா வீட்டில் இருந்த மூன்று கிழமைக்கும் சேர்த்து வேலைச் சட்டை வாடகையை வேறு கழித்திருந்தார்கள். சட்டை அந்தக் கிழமைகளில் ஆணியில் தொங்கியது. தொங்கினாலும் கொம்பனியின் சட்டைதானே.

அன்று பின்னேரம் ஷிப்டில் நின்றபடி, மூலையிலிருந்த பலகையை மறுபடி வாசித்தேன். அவ்வளவு காலம் அதிகம் கவனிக்காத பலகை. அந்தக் காலத்துச் சிறைகளில் கைதிகள் தங்கள் சாப்பாட்டுக்கும் தாங்களே கட்டவேண்டும். தங்கள் காலில் போட்ட சங்கிலிக்கும் தாங்களே கட்டவேண்டும். குற்றமில்லை என்று தீர்ப்பான ஒரு வயதான விதவை, அந்தக் கணக்கைக் கட்ட வழியில்லாமல் சிறையிலேயே கிடந்து செத்துப்போனாள். விடுதலையான பிறகு. கலாநிதி அதற்கு அடியில் "இன்று நம்ப முடிகிறதா?" என்று எழுதியிருந்தார். எனக்கு நம்புவதில் ஒரு கஷ்டமும் இருக்கவில்லை.

ஏஜென்சிக்காரனின் தவணைக்கு அக்கா தன் சீட்டுப் பணத்தைக் காலம் முடியுமுன்பே, நட்டப்பட்டு, கழிவோடு எடுத்தார். மகன் பிந்தித்தான் வந்தான், ஆனால் வந்தான். இப்போது பார்க்கிங் என்ற கிழக்கு லண்டன் ஊரில் சொந்தக் கடை. கண்ணாடிப் பெட்டியில் கலாநிதி தேசிக்காயைப் பொம்மைக்குப் பக்கத்தில் வைத்தார். தனி விளக்கு, தனிப் பெயர்ப்பலகை. "உள்ளூர்த் தமிழ்ச் சமூகத்தின் நன்கொடை" என்று எழுதியிருந்தது. அக்காவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டி, வாசித்துச் சொன்னேன்.

"நான் ஆருக்கும் குடுக்கேல்லையே" என்றார். பிறகு கண்ணாடிக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். "பழசை எடுத்து எறியவேணும் தம்பி. வைச்சுக்கொண்டிருக்கக் கூடாது. எல்லாத்தையும் இழுத்து வைச்சிருக்கும் அது. இனி வாறது இவையளின்ரை பாடு."

அதன்பிறகு போட்டோகொப்பி மெஷின் நிரந்தரமாக நின்றுபோனது. நான் மூடநம்பிக்கை உள்ளவன் இல்லை.

கூட்டத்தில் மொழிபெயர்க்கக் கூப்பிட்டால் போங்கள். ஆனால் ஒருவரைக் காப்பாற்றுவதற்காக அவர் சொல்லாததைச் சொல்லாதீர்கள். காப்பாற்ற வருகிறவர் சொல்வதையும் அவருக்கு உடனே சொல்லிவிடுங்கள். தீர்ப்புச் சாதகமாக வந்தால் நன்றி சொல்லி எழும்பிவிடாதீர்கள். கதிரையில் இருந்தபடியே, எல்லோரும் அங்கே இருக்கும்போதே, இந்த நாட்களுக்கு யார் கட்டுவது என்று கேளுங்கள். கதவைத் தாண்டிவிட்டால் ஒருவரும் அந்த அறையில் இருந்ததாக ஞாபகம் இருக்காது. அதற்காகத்தான் முதலில் ஆள்பட்டியல் போட்டேன்.

நூதனசாலை பெயரை மாற்றிவிட்டது. கொம்பனி கைமாறிவிட்டது. இரண்டுக்கும் நான் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். இரண்டும் மற்றதைக் கேட்கச் சொல்லிப் பணிவாகப் பதில் போடுகின்றன. சேலத்துப் பெண்களிடம் மன்னிப்புக் கேட்க அந்த நாட்டுக்குச் சில நூறு வருடம் எடுத்ததாம். அந்த வேகத்தில் பார்த்தால் அக்காவின் காசு பிந்தவேயில்லை. கோவிலில் கண்டால், முழங்கால் வலியோடு படியில் இருந்தபடி, அவர் இப்போதும் முதலில் கேட்பது "தம்பி, அது வந்ததோ?" என்றுதான். தேசிக்காய் இன்னும் அவர்களின் களஞ்சிய அறையில், காற்றுப் புகாத பெட்டியில், இலக்கமிட்டுப் பத்திரமாக இருக்கிறதாம். உங்களில் யாருக்காவது அங்கே வேலை கிடைத்தால் தயவுசெய்து ஞாபகப்படுத்துங்கள். மூன்று கிழமைச் சம்பளம் நூற்றிருபது, ஆணியில் தொங்கிய சட்டைக்குக் கழித்த ஆறு. இன்னும் வரவேண்டியது நூற்றிருபத்தாறு பவுண்.